ஹெச்.எம்.எஸ். கேப்டன் ஏன் கவிழ்ந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரும்புக்கவசப் போர்க்கப்பல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1870இல் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஹெச்.எம்.எஸ். கேப்டனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சுழலும் பீரங்கிக் கோபுரங்களின் பாரமே அதைக் கவிழ்த்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அவற்றுக்காக வாதாடிய கடற்படை அதிகாரி கூப்பர் கோல்ஸின் யோசனையே பிழையானதா?

அன்புடன்,
கு. ரா.

அன்புள்ள கு. ரா. அவர்களுக்கு,

கோபுரங்கள்மீது பழி சுமத்த இடமில்லை. அதே இரவில், அதே புயலில், அதே அளவு பீரங்கிகளை இரண்டு கோபுரங்களில் சுமந்த மொனார்க் என்ற போர்க்கப்பலும் கூடவே சென்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் நேரவில்லை.

கோல்ஸ் கிரீமியப் போரின்போது, 1855இல், அஸோவ் கடலின் ஆழமற்ற நீரில் பீப்பாய்களைப் பிணைத்து மிதவை கட்டி, அதன்மேல் பீரங்கி ஏற்றிச் சுட்டவர். எதிரிக்குத் தெரியும் உடல் தாழ்வாகவும், பீரங்கி எத்திசையிலும் திரும்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் அங்கே வேர்விட்டது. அவர் முறைப்படி 1864இல் மாற்றியமைக்கப்பட்ட ராயல் சாவரின் பாய்களை நம்பியிராத கரையோரக் கப்பல். அங்கே அந்த யோசனை செவ்வனே பலித்தது.

ஆனால் பெருங்கடலுக்குப் போக வேண்டுமென்றால், நிலக்கரியை விழுங்கிய அன்றைய எஞ்சின்களை மட்டும் நம்ப முடியாது, பாயும் வேண்டியிருந்தது. கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இதற்காகவே மொனார்க்கின் மேல்தளத்தை நீர்மட்டத்திலிருந்து 14 அடி உயரத்தில் வைத்தார். கோல்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் அவர் பக்கம் நிற்க, பிர்கன்ஹெட்டின் லேர்ட் கப்பல்கட்டும் நிறுவனத்தோடு சேர்ந்து தன் விருப்பப்படி ஒரு கப்பல் கட்டக் கடற்படை அவருக்கு இசைவு தந்தது. வரைபடங்களில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று குறிக்க ரீட் சம்மதிக்கவில்லை. ஆட்சேபம் இல்லை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

கேப்டனின் பக்க உயரம், அதாவது நீர்மட்டத்திலிருந்து மேல்தளம் வரையிலான உயரம், வரைபடத்தில் 8 அடி. கட்டும்போது எடை 700 டன்னுக்கும் மேல் கூடிவிட்டதால், மிதந்தபோது எஞ்சியது சுமார் ஆறரை அடி. இந்த ஒன்றரை அடியின் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்தில் நீருக்குள் இறங்கும் உடல்பகுதிதான் அதைத் திரும்ப நிமிர்த்துகிறது. மேல்தளத்தின் விளிம்பே நீரில் அமிழ்ந்துவிட்டால், மேலும் சாயச் சாய நிமிர்த்தும் விசை வளர்வது தளர்ந்து, பின் குறையத் தொடங்கும். மொனார்க்கில் அந்த விசை 40 பாகைச் சாய்வில் உச்சத்தைத் தொட்டது. கேப்டனில் 21 பாகையிலேயே தொட்டது. இத்தகைய உடலின்மேல்தான் மூன்று கால்களில் நிற்கும் கனத்த இரும்புப் பாய்மரங்களை நிறுத்தி, முழுப் பாய்களையும் விரித்தார்கள். கோபுரங்களுக்கு மேலே பாய்களை இயக்குவதற்கென ஒரு நடைதளமும் இருந்தது.

போர்ட்ஸ்மவுத்தில் ஜூலை 1870இல் சாய்வுச் சோதனை நடந்தது. அதன் கணக்கு முடிவதற்குள் கேப்டன் கடலேறிவிட்டது.

செப்டம்பர் 6 அன்று, ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால், படைத்தலைவர் அலெக்ஸாண்டர் மில்ன் கேப்டனுக்கு வந்து பார்த்தார். காற்றுக்கு மறைவான பக்கத்தில் கடல்நீர் தளத்தின்மேல் புரண்டு கோபுரத்தில் மோதிக்கொண்டிருந்தது. தன் கவலையைக் கோல்ஸிடமே சொன்னார். மாலையில் தன் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். நள்ளிரவு தாண்டிக் காற்று வலுத்தபோது, கப்பல் சாய்ந்து நிமிரத் தாமதிப்பதைக் கண்ட கப்பல்தலைவர் பர்கோயின், மேற்பாய்களின் கயிறுகளை அவிழ்த்துவிட ஆணையிட்டார். அது நிறைவேறுமுன் கப்பல் புரண்டது. தப்பியவர்கள் 18 பேர். பர்கோயினும் கோல்ஸும் உட்பட 470க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகனும் அவர்களில் ஒருவன்.

கடற்படை அதிகாரிகளின் எதிர்ப்பை மீறி, பொதுமக்கள் கருத்துக்கு இணங்கியே இக்கப்பல் கட்டப்பட்டது என்று விசாரித்த ராணுவ நீதிமன்றம் பதிவுசெய்தது. உண்மைதான், ஆனாலும் இணங்கியது கடற்படைத் தலைமையே என்பதால், அதன் பொறுப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்விக்கான நேரடி விடை ரீட் வரைந்த டெவாஸ்டேஷன் என்ற போர்க்கப்பலில் இருக்கிறது. தாழ்ந்த உடல், இரண்டு கோபுரங்கள் என்று கோல்ஸ் கேட்டவை அதில் இருந்தன. பாய் மட்டும் இல்லை. 1871இல் நீரில் இறங்கிய அது, 1908இல்தான் உடைப்பதற்கு விற்கப்பட்டது.