பனி குறைவென்றால் பயமில்லையா?

கேள்வி: என் மகன் சுவிஸில் பேர்ண் நகரில் வேலை செய்கிறான். நவம்பர் கடைசியில் நண்பர்களோடு லிஃப்ட் இல்லாத பக்கமாக மலையேறி பனிச்சறுக்கப் போகிறானாம். "இப்பதான் பனி தொடங்கியிருக்கு, கொஞ்சம்தான் கிடக்கு, ஒன்றும் நடக்காது அம்மா" என்கிறான். நம்பலாமா ஐயா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நம்ப வேண்டாம். சுவிஸ் மலை நகரமான டாவோஸில் ஹோட்டல் சமையலறையில் நான் வேலை செய்த காலத்தில், மலை மீட்புக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் மேசையில் சாப்பிடுவார்கள். பனிச்சரிவு, அதாவது மலையில் கிடக்கும் பனி கழன்று இறங்குவது, என்று வந்தால் மார்கழிக்கு முந்திய மெல்லிய பனியைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் கவலைப்பட்டுக் கதைப்பார்கள்.

காரணம் இதுதான். ஒக்டோபரில் விழும் பனி, வெயில் படும் தெற்குச் சரிவுகளில் உருகிவிடும். உயரத்தில், வடக்குப் பார்த்த நிழல் சரிவுகளில் கிடந்துவிடும். அதன் அடி, தரையோடு ஒட்டி, 0 பாகை அளவில் இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மிகவும் குளிர்ந்துவிடும். பனி மெல்லியதாக இருப்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் முப்பது நாற்பது சென்ரிமீற்றருக்குள் அடங்குகிறது. அடியிலிருந்து நீராவி மேலே ஏறி ஏறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கோண மணிகளாக மாறுகின்றன. கையுறையில் அள்ளி அழுத்திப் பார்த்திருக்கிறேன். உருண்டை பிடிக்காது, விரல்களுக்கிடையால் கொட்டிப்போகும்.

பிறகு நவம்பரில் புயலோடு புதுப்பனி வரும். காற்று அதை அள்ளிவந்து சரிவுகளில் இறுக்கி, கெட்டியான பாளமாக்கிவிடும். சுளகில் குரக்கனைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்துச் சாய்த்துப் பாருங்கள், விளங்கும். ஒரு மனிதரின் பாரம் போதும், அடி மணிப்படை நொறுங்கும், அந்த நொறுங்கல் சரிவு முழுதும் ஓடும், பாளம் அப்படியே கழன்று இறங்கும். பனிச்சரிவில் மாட்டுப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிய பனிச்சரிவில்தான் மாட்டுகிறார்கள்.

எனக்கு ஆகப் பெரிய பயம் வேறு. சறுக்குவதற்குப் பனி தேடிப் போகிற பிள்ளைகள், பனி கிடக்கும் அந்த நிழல் சரிவுகளுக்கே போவார்கள். மெல்லிய பனிக்கடியில் பாறைகளும் கிடக்கும். சிறிய பனிச்சரிவு இழுத்துக்கொண்டு போனாலும் காயம் பலமாக இருக்கும்.

"போகாதே" என்று சொன்னால் பிள்ளை கேட்காது, கேள்வி கேளுங்கள். அன்றைய பனிச்சரிவு அறிக்கை பார்த்தாயா? டாவோஸ் பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு வெளியிடும், நமக்கு அப்போது இரவு 9.30. ஆபத்தை 5 நிலைகளாகச் சொல்வார்கள். 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று நினைத்துவிடுகிறார்கள். உயிர்கள் அதிகம் போவது அந்த 3ஆம் நிலை நாட்களில்தான். ஏறும் சரிவு 30 பாகைக்குக் குறைவா, அதற்கு மேலே செங்குத்தான சரிவு ஏதும் நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ஒவ்வொருவர் உடம்பிலும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பையில் பனியைக் குத்தித் தேடும் மடக்குத் தடி, மண்வெட்டி இருக்க வேண்டும், பயன்படுத்திப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. அதற்குப் பிறகு வேகமாகக் குறையும். ரேகா (Rega) என்ற சுவிஸ் விமான மீட்புச் சேவையின் ஹெலிகொப்டரை 1414 என்ற இலக்கத்தில் உடனே அழைக்க வேண்டும்தான், ஆனால் அது வந்து சேரும்வரை தோண்டுவது கூட வந்த நண்பர்கள்தான். மண்வெட்டி இல்லாத நண்பரோடு உங்கள் மகன் போகவே கூடாது.

கேள்வி: மலையில் உரத்துக் கத்தினால் பனிச்சரிவு வருமா?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: வராது பிள்ளை. படங்களில்தான் அப்படிக் காட்டுவார்கள். மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. வேண்டுமென்றே பனிச்சரிவை இறக்கி விடுகிறவர்கள் வெடிமருந்துதான் வைக்கிறார்கள். கவனிக்க வேண்டியது பனி போடும் சத்தம். நடக்கும்போது காலடியில் 'வும்' என்று மந்தமாகக் கேட்டு, பனி சற்றே அமுங்கினால், அடியிலுள்ள மணிப்படை நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். சமதரையில் நின்றபடி இப்படி நொறுக்கினால்கூட, தூரத்துச் செங்குத்துச் சரிவு கழன்று வரலாம். ஆகவே அதைக் கேட்டவர்கள் செங்குத்துச் சரிவுகளை விட்டு விலகி, வந்த தடத்திலேயே இறங்கிவிடுவார்கள்.