சீன எழுத்து பழக எத்தனை இன்ச் டேப்லெட்?

சீன மொழி படிக்கிறவர்களிடமிருந்து டேப்லெட் பற்றிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றைச் சுருக்கி, மொத்தமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வின் மூன்றாம் நிலைக்குப் படிக்கிறேன். கையால் எழுதிப் பழக ஒரு டேப்லெட் வேண்டும். 8 இன்ச், 11 இன்ச், 13 இன்ச் மூன்றையும் கடையில் பார்த்துவிட்டேன். குழப்பம்தான் கூடியது. எதை வாங்கலாம்?

பதில்: 10 முதல் 11 இன்ச்சுக்குள் வாங்குங்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்ச் என்பது மூலைக்கு மூலை அளந்தது. சீன எழுத்தோ சதுரக் கட்டத்துக்குள் உட்காருவது. திரையில் எவ்வளவு பெரிய சதுரம் வரும் என்பதைக் குறுகிய பக்கம்தான் முடிவு செய்யும். 8.3 இன்ச் ஐபேட் மினியில் அந்தப் பக்கம் ஏறத்தாழ 11.6 செ.மீ. 10.9 இன்ச் ஐபேடில் 15.8 செ.மீ. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் 10.4 இன்ச் என்றாலும் ஒல்லியான திரை என்பதால் 13.6 செ.மீ.தான். அதாவது மினியைவிட இரண்டு செ.மீ. மட்டுமே அதிகம். கடைக்கு ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு எழுத்தை மட்டும் எழுத மினியே தாராளம். பயிற்சி நோட்டில் ஒரு கட்டம் ஒன்றரை செ.மீ. அளவுதான் இருக்கும். பிறகு ஏன் பெரியது என்றால், கைக்காக. எழுதும்போது மணிக்கட்டும் உள்ளங்கையும் திரைமேல் படுத்திருக்க வேண்டும். சின்ன டேப்லெட்டில் கீழ்வரிசைக்கு வந்ததும் கை விளிம்பைத் தாண்டித் தொங்கும், கோடு நடுங்கும். இன்னொன்று, பாடத்தை ஒரு பாதியில் திறந்து வைத்து மறுபாதியில் எழுத 8 இன்ச்சில் இடம் போதாது. 10.9 இன்ச் ஐபேடை நிமிர்த்தி வைத்தால், நோட்டில் இருக்கும் அதே அளவில் வரிசைக்குப் பத்துக் கட்டம் கிடைக்கும்.

13 இன்ச் இதற்கு வேண்டாம். விலையும் எடையும் ஒரு பக்கம் இருக்கட்டும். பல செயலிகள் ஒற்றைக் கட்டத்தைத் திரை முழுக்க விரித்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு எழுதிப் பழகினால், கை தோளிலிருந்து கோடு இழுக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் தாளில் ஒன்றரை செ.மீ. கட்டத்துக்குள் எழுதச் சொன்னால் எழுத்து வெளியே வழியும். நீங்கள் எதை வாங்கினாலும் கட்டம் போட்ட பக்கத்தை ஒரு குறிப்பேட்டுச் செயலியில் ஏற்றி, நோட்டின் அளவிலேயே தினமும் கொஞ்சம் எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): எச்எஸ்கே தேர்வைக் கணினியில் எழுதப் போகிறேன். அப்படியானால் கையெழுத்துப் பயிற்சிக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: தேர்வுக்காக மட்டும் என்றால் வேண்டாம். கணினித் தேர்வில் எழுத்துப் பகுதியை பின்யின் தட்டச்சில், அதாவது உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டி, வரும் சீன எழுத்தைத் தேர்ந்தெடுத்து, முடித்துவிடலாம். தாளில் எழுதும் தேர்வு என்றால் பென்சில் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சீனா 2021இல் வெளியிட்ட புதிய தரநிலையில் கையால் எழுதத் தெரிய வேண்டிய எழுத்துகளுக்குத் தனிப்பட்டியலே இருக்கிறது. தொடக்கக் கட்டத்துக்கு 300, இடைநிலைக்கு மேலும் 400, உயர்நிலைக்கு மேலும் 500, ஆக மொத்தம் 1200. படித்து அறிய வேண்டியவை 3000. மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் முதல் 300ஐயாவது கையால் எழுதிவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஆன்லைனில் ‘ஸ்டைலஸ் சப்போர்ட், பென் இலவசம்’ என்று போட்டிருந்த 10 இன்ச் டேப்லெட்டை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த பேனாவின் முனையில் ரப்பர் குமிழ். எழுதினால் கோடு எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. கை பட்டால் திரை முழுக்கக் கோடு. திருப்பித் தரக் கேட்டால், ‘பழுது இல்லை, மாற்ற முடியாது’ என்கிறார்கள். என் தவறா?

பதில்: உங்கள் தவறு இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் கோபம் வருவது இந்த விஷயத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விரலால் தொட்டு வேலை செய்யும் எந்தத் திரையிலும் ரப்பர் முனைப் பேனா எழுதும். அந்த முனையை விரல் என்றே திரை நினைத்துக்கொள்ளும். ஆகவே ‘ஸ்டைலஸ் சப்போர்ட்’ என்ற வார்த்தையில் ஒரு தகவலும் இல்லை. ‘விரலால் தொடலாம்’ என்று போட்டாலும் அதே அர்த்தம்தான். எழுதப் பயன்படுவது ஆக்டிவ் பென். அதன் சைகையைத் திரை தனியாக அடையாளம் காணும். பேனா அருகில் வந்ததும் உள்ளங்கை படுவதைக் கணக்கில் எடுக்காது. இதைத்தான் பாம் ரிஜெக்‌ஷன் என்கிறார்கள். இது இல்லாத கருவியில் கையை அந்தரத்தில் தூக்கி வைத்தே எழுத வேண்டும். அப்படி அரைமணி நேரம் எழுதிப் பாருங்கள், தோள் வலிக்கும்.

சீன எழுத்துக்கு இது ஏன் இன்னும் முக்கியம்? ‘மண்’ என்ற எழுத்துக்கும் ‘கற்றவர்’ என்ற எழுத்துக்கும் மூன்றே கோடுகள், அதே அமைப்பு. முதலாவதில் அடிக்கோடு நீளம், இரண்டாவதில் மேல்கோடு நீளம். வித்தியாசம் அவ்வளவுதான். அரை செ.மீ. தடிமனுள்ள ரப்பர் குமிழால் அந்த வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது? செயலி தாராளமாக ‘சரி’ போட்டுவிடும். ஆசிரியர் போடமாட்டார்.

பெயர் பெற்ற கம்பெனிகளின் பொருள்களிலும் கவனம் தேவை. சாம்சங் எஸ்6 லைட்டுக்கு எஸ் பென் பெட்டியிலேயே வரும். அந்தப் பேனாவால் எழுத பேட்டரிகூட வேண்டாம். அதே கம்பெனியின் டேப் ஏ9 பிளஸ் 11 இன்ச், பார்க்க இன்னும் பெரிது. அதில் எஸ் பென் எழுதவே எழுதாது. கடைக்காரர் ‘பென் வேலை செய்யும் சார்’ என்பார். எந்தப் பென் என்று சொல்லமாட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் ஆக்டிவ் பென் எழுதுமா, எந்த மாடல் பேனா, அது பெட்டிக்குள் இருக்கிறதா என்று அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மிக்சி பெட்டியில் எத்தனை ஜார் என்று போடுகிறவர்களுக்கு இது ஒரு கஷ்டமா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. பழுது இருந்தால்தான் என்று இல்லை. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. 11,000 ரூபாய்க்குப் போய் யார் அலைவது என்று நீங்கள் நினைப்பீர்கள் என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள். விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): போனிலேயே விரலால் எழுதிப் பழகினால் போதாதா?

பதில்: கோடுகளின் வரிசை மனதில் பதியும். கை பழகாது.

கேள்வி (ஈப்போ, மலேசியா): மகளைச் சீனத் தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்க்கிறோம். வீட்டில் எங்கள் இருவருக்குமே சீனம் தெரியாது. எழுதிப் பழக அவளுக்கு எந்த அளவு டேப்லெட் வாங்கலாம், ஐயா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கட்டம் போட்ட நோட்டு, நல்ல பென்சில், அழிப்பான் போதும். பென்சிலை எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஆறேழு வயதில் விரல்கள் கற்றுக்கொள்வது தாளின் உரசலில்தான். கண்ணாடி வழுக்கும். பள்ளியில் ஆசிரியர் திருத்துவதும் நோட்டைத்தான். கட்டத்தின் நடுவே சிலுவைபோல் போட்ட கோடு எதற்கு என்று அவளிடமே கேளுங்கள். எழுத்தின் எந்தப் பகுதி எந்தக் கால்பகுதியில் வரவேண்டும் என்று அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

உங்களுக்குச் சீனம் தெரியாததால் கோட்டு வரிசை சரியா என்று பார்க்க வழி வேண்டும். அதற்கு உங்கள் கைப்பேசி போதும். கோடுகள் ஒவ்வொன்றாக வரைந்து காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அதைப் பார்த்து நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். டேப்லெட்டுக்கு ஒதுக்கிய பணம் நல்ல டியூஷன் ஆசிரியருக்குப் போகட்டும்.

கேள்வி (மதுரை): 3,500 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் திரையே இல்லை, கருப்புப் பலகை மாதிரி இருக்கிறது! பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். ‘கிராஃபிக்ஸ் டேப்லெட்’, ‘கணினியுடன் இணைக்கவும்’, ‘திரை கிடையாது’ எல்லாம் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். விலையைப் பார்த்த நீங்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை. இதில் விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருப்பி அனுப்பும் நாள் கடக்கவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள்.

கடந்துவிட்டது என்றால், அது வீணில்லை. கை மேசையில், கண் மானிட்டரில் என்பதால் தொடக்கத்தில் கோணலாகத்தான் வரும், பழகிவிடும். இந்த வகையில் அளவு பெரிதாக வேண்டியதில்லை. வேகாம் இன்டுவோஸ் சிறிய மாடலின் எழுதும் பரப்பு 152 × 95 மி.மீ.தான், எழுத்துப் பயிற்சிக்கு அது போதும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலகை முழுவதும் மானிட்டர் முழுவதற்கும் பொருந்துவதுபோல் அமைத்திருப்பார்கள். அதனால் சின்ன அசைவு திரையில் பெரிய கோடாகும். செட்டிங்கில் போய், மானிட்டரில் பயிற்சிக் கட்டம் இருக்கும் பகுதியோடு மட்டும் பலகையைப் பொருத்துங்கள், நீள அகல விகிதம் மாறாமல். இல்லாவிட்டால் சதுரமாக எழுதியது சப்பையாகத் தெரியும்.

நான் வைத்திருந்த இப்படி ஒரு பலகைக்கு நிப் தேய்ந்ததும் மாற்று நிப் கிடைக்கவில்லை. அந்த மாடலையே நிறுத்திவிட்டோம் என்றார்கள். நல்ல நிலையில் இருந்த பலகை, பேனா முனை இல்லாததால் பரணுக்குப் போனது. ஆகவே உதிரி நிப்களை இப்போதே ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): தைவான் நண்பர்களுக்காக மரபு எழுத்து (எளிமையாக்காத பழைய வடிவம்) கற்கிறேன். கண்ணுக்கு இதமாக, தாள்போலத் தெரியும் மின்மை (இ-இங்க்) டேப்லெட் வாங்க ஆசை. 7 இன்ச்சா, 10 இன்ச்சா?

பதில்: மரபு எழுத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 10 இன்ச். டிராகனைக் குறிக்கும் எழுத்து எளிய வடிவத்தில் 5 கோடுகள், மரபு வடிவத்தில் 16. தைவான் என்ற பெயரின் இரண்டாம் எழுத்துக்கு மரபில் 25 கோடுகள். இடம் கொடுத்தால்தான் எழுதமுடியும்.

ஆனால் அளவுக்கு முன்னால் இதைத் தீர்மானியுங்கள்: கோட்டு வரிசையைத் திருத்தும் செயலி வேண்டுமா, தாள்போல எழுதினால் போதுமா? மின்மை டேப்லெட்களில் ரிமார்க்கபிள், கிண்டில் ஸ்க்ரைப் இரண்டும் எழுத அருமை, ஆனால் ஸ்கிரிட்டர் போன்ற எழுத்துப் பயிற்சிச் செயலிகளை அவற்றில் போடமுடியாது. கட்டம் போட்ட பிடிஎஃப் ஏற்றி எழுதலாம், அவ்வளவுதான். பூக்ஸ் கம்பெனியின் மின்மைக் கருவிகள் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் செயலி போடலாம். அதில் செயலிக்குள் எழுதும்போது கோடு கொஞ்சம் பின்தங்கி வரும். வாங்குமுன் உங்கள் செயலியை அதிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், செயலியின் கோட்டு வரிசை தைவான் முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில எழுத்துகளில் சீனாவின் வரிசையும் தைவானின் வரிசையும் வேறு.

கேள்வி (திருப்பூர்): குவாங்சோ கண்காட்சிக்குப் போகிறேன். அப்படியே ஷென்சென் ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் மலிவாக ஒரு டேப்லெட் வாங்கி வந்து எழுதிப் பழகலாமா?

பதில்: வேண்டாம். சீனாவுக்குள் விற்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கூகுள் பிளே இருக்காது, வாரண்டி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கெட்டுப்போனால் அடுத்த கண்காட்சிவரை காத்திருப்பீர்களா? மேலும், வியாபாரப் பேச்சுக்கு பின்யின் தட்டச்சு போதும். முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஆக்டிவ் பென் நல்லதா என்று கடையில் எப்படிச் சோதிப்பது? 4096 அழுத்த நிலை என்று ஏதோ சொல்கிறார்கள்.

பதில்: அழுத்துவதற்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றப் பேனா எத்தனை படிகளை உணர்கிறது என்பதுதான் அழுத்த நிலை. தூரிகை எழுத்து பழகினால் அது வேண்டும். சாதாரண எழுத்துக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உள்ளங்கையைத் திரையில் நன்றாக வைத்து, ‘மனிதன்’ என்ற எழுத்தை மிக மெதுவாக எழுதுங்கள். இரண்டே சாய்கோடுகள். மட்டமான பேனாவில் மெதுவான சாய்கோடு நெளியும். நெளிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வேலூர்): பழைய 9.7 இன்ச் ஐபேட் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. ஆப்பிள் பென்சிலும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பின்பக்கம் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். A என்ற எழுத்தை அடுத்து 1893 அல்லது 1954 என்றால் 2018இல் வந்த ஆறாம் தலைமுறை, முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில் அதில் எழுதும். 1822 அல்லது 1823 என்றால் 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறை, எந்த ஆப்பிள் பென்சிலும் எழுதாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 2018 மாடலுக்கும் ஐபேட்ஓஎஸ் 17க்கு மேல் அப்டேட் கிடையாது என்பதால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். பின்பக்கத்தைப் பார்க்க உறையைக் கழற்ற முடியாது என்று சொன்னால் வாங்க வேண்டாம்.