கணக்கு நின்றுபோன எண்

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் செல்போனில் ஆடும் விளையாட்டில், அவன் சேர்த்த நாணயங்களின் கணக்கு 2147483647-க்கு மேல் ஏறவில்லை. அது ஒரு பகா எண் என்கிறான். கணினிக்காரர்கள் அதற்காகத்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்களா? இத்தனை பெரிய எண் வகுபடாது என்பதை எப்படி உறுதி செய்தார்கள்?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தேர்ந்தெடுக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. பல நிரல்களில் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட்டுகள் (0 அல்லது 1 நிற்கும் இடங்கள்) ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மிகை, குறைக் குறிக்குப் போய்விட, எஞ்சிய 31 இடங்களிலும் 1 நிரம்பியதும் கணக்கு நின்றுவிடுகிறது. இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பதும் அதே எண்தான்.

16 பிட்டுகளில் இதே கணக்கைப் போட்டால் பதினைந்து ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அதன் மதிப்பு 32767. உங்கள் கடையில் பதினைந்து வேட்டிகளை மும்மூன்றாகக் கட்டுவதுபோல அந்த ஒன்றுகளையும் ஐந்து கட்டுகளாகப் பிரித்துவிடலாம். 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இரும முறையில் 111 என்பது 7 ஆதலால், முழு எண்ணும் 7-ஆல் வகுபட்டுவிடுகிறது (7 × 4681). 64 பிட்டில் வரும் 63 ஒன்றுகளுக்கும் இதே கதிதான். 31 ஒன்றுகளை அப்படிச் சம கட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. ஆனால் இது மட்டும் போதாது: பதினொரு ஒன்றுகளையும் பிரிக்க முடியாது, எனினும் அவற்றின் மதிப்பான 2047 என்பது 23 × 89.

ஆகவே வகுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும். வகுத்தி இருந்தால் அவற்றுள் ஒன்றாவது இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46340-க்குள், இருக்கும். அதுவரையுள்ள பகா எண்கள் 4792. அத்தனையையும் கொண்டு வகுப்பது ஒருவரின் பொறுமைக்கு அடங்காது. பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்த நிலையில், 1772-இல் மூன்றாம் யோகான் பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய கடிதத்தில் கணித மேதை ஆய்லர் இதற்கு ஒரு குறுக்கு வழி சொன்னார்: இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி ஏதேனும் இருக்குமானால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வர வேண்டும். 46340-க்குள் அந்தச் சல்லடையில் தப்புபவை 372 எண்களே. அவற்றுள் ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. என் கணிப்பில், எண் பெரிதாக இருப்பதைவிடச் சோதனை இவ்வளவு சிறிதாகச் சுருங்கியதே அதிசயம்.

அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுவாகவே இருந்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறிந்தவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணும், இரண்டைப் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்துப் பெறும் இதே வகையைச் சேர்ந்தது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன.

கடைக்காரர் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன். பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணியே நேரத்தைக் கணிக்கின்றன. அந்தக் கணக்கு 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07. அன்றைக்கும் 32 பிட்டிலேயே நேரம் எண்ணும் பழைய பில் இயந்திரம் உங்கள் கடையில் இருந்தால், அடுத்த நொடியில் பில்லின் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடக்கூடும்.