வாசகர் கேள்வி – பதில்: திறந்தவெளியில் முகக்கவசம் தேவையா?

கேள்வி: வைரஸ் காற்றில் பரவுகிறது என்றால், தெருவில் நடக்கும்போதும் முகக்கவசம் போட வேண்டாமா?

தனியாக நடந்தாலோ ஓடினாலோ வேண்டாம். கொரோனா, ஃப்ளூ வைரஸ்கள் நம் மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வரும் நுண்திவலைகளில் ஏறித்தான் பரவுகின்றன. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதந்து, சேர்ந்துகொண்டே போகும். வெளியிலோ மெல்லிய காற்று வீசினாலே கலைந்து நீர்த்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் வைரஸைச் செயலிழக்க வைக்கும். எதிரே ஒருவர் கடந்து போவதால் தொற்றுவது மிக அரிது.

ஆனால் ஒரு மீட்டருக்குள் முகத்துக்கு நேரே நின்று கால்மணி நேரம் பேசினால், அவர் விடும் மூச்சு கலைவதற்குள் உங்கள் மூக்குக்கு வந்துவிடும். அங்கே வானம் பார்த்த இடம் என்பது காப்பாற்றாது. நெருக்கமான வரிசை, கோஷம் போடும் கூட்டம் இங்கெல்லாம் போடுங்கள். பக்கங்களை அடைத்த கூடாரத்தை அறையாகவே கருதுங்கள். முதியவர்களும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இதில் தயங்கவே கூடாது.

கேள்வி: வைரஸ் 0.1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதானே? துளை வழியே நுழைந்துவிடாதா?

முகக்கவசம் சல்லடை அல்ல. வைரஸ் தனியாக வருவதில்லை, தன்னைவிடப் பெரிய திவலைக்குள் வருகிறது. மிக நுண்ணிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் அலைந்து இழைகளில் மோதி ஒட்டும். பெரியவை வளைந்து போக முடியாமல் மோதும். பிடிக்கக் கடினமானவை இரண்டுக்கும் இடைப்பட்ட, சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பவை. என்95 என்ற வகை முகக்கவசம் சோதிக்கப்படுவதே அந்த அளவில்தான், குறைந்தது 95 சதவீதம் பிடிக்க வேண்டும். இழைகளில் ஏற்றிய நிலைமின்னூட்டம்தான் அதன் பலம். சோப்பில் துவைத்தாலோ ஸ்பிரிட் தெளித்தாலோ அது போய்விடும். பார்க்கப் புதிதாகவே இருக்கும், வடிகட்டாது.

இதைவிட அதிகம் கோட்டை விடுவது பொருத்தத்தில்தான். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, கவசத்தை இரு கைகளாலும் மூடிப் பலமாக மூச்சு விடுங்கள். ஓரங்களில் காற்று கசிந்தால் பட்டைகளைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் விளிம்பு தோலில் ஒட்டாது. ஈரமானால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மூச்சு வெளியேற வால்வு வைத்த முகக்கவசம் நல்லதா?

உங்களைக் காக்கும். ஆனால் வெளிவிடும் மூச்சில் ஒரு பங்கு வடிகட்டாமல் போகும். இருமல், சளி இருக்கும்போது வால்வு இல்லாததையே போடுங்கள்.