கொல்லிமலை ஏற எத்தனை பல் வேண்டும்? சைக்கிள் கியர் கேள்வி பதில்

நாமக்கல்: என் எடை 73 கிலோ. முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 பல். கொல்லிமலையில் பாதியிலேயே முழங்கால் வலிக்கிறது. தொடையில் பலம் போதவில்லையா?

தொடையைக் குறை சொல்லாதீர்கள், கேசட்டை, அதாவது பின் சக்கரத்துப் பல்வட்டுகளின் அடுக்கைப் பாருங்கள். சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ. ஓரளவு பழகியவர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பது 150 வாட் என்று வையுங்கள். 7 சதவீத ஏற்றத்தில் அது உங்களை மணிக்கு எட்டரை கிலோமீட்டர் நகர்த்தும். நிமிடத்துக்கு 142 மீட்டர். முன்னால் 34-க்குப் பின்னால் 28 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். ஆக நிமிடத்துக்கு 55 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதியும் மூட்டில் இறங்கும். பின்னால் 34 பல் போடுங்கள்: அதே வேகம், 67 சுற்று. மிதிக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். 70 கொண்டை ஊசி வளைவுக்கு அது சின்ன விஷயமில்லை.

உங்கள் பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்வட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். செயினையும் நீளமானதாக மாற்றுங்கள். பழைய செயினோடு பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்டால் டிரெயிலியர் முறிந்துவிடும்.

சென்னை: 21 கியரா, 7 கியரா?

7 போதும். 3 × 7 கணக்கில் பல கியர்கள் ஒன்றுபோலவே இருக்கும். உங்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தானே?

மதுரை: 21 கியர் நல்லதா, 24-ஆ?

மேலே பாருங்கள்.

கோவை: 34 பல் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. பந்தய வீரர்கள் 39-க்கு 25-இல் ஏறியவர்கள். லேசான கியரில் பலம் எப்படி வளரும்?

65 கிலோ வீரர் 350 வாட் கொடுத்தால் அதே ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போவார். 39-க்கு 25-இல் அவர் காலுக்கு நிமிடத்துக்கு 100 சுற்று. அவருக்கு அதுதான் லேசான கியர்! டூர் டி பிரான்ஸில் 1937-இல்தான் டிரெயிலியரை அனுமதித்தார்கள். அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ச், கியர் எல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று எழுதியவர். உங்கள் கட்சி பழைய கட்சிதான்.

கோவை (மறுபடி): எழுந்து நின்று மிதித்தால் தீர்ந்தது.

வளைவில் நாலு மிதி எழுந்து மிதியுங்கள், யார் வேண்டாம் என்றது? மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவும் அப்படியே ஏறிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

மசினகுடி: அந்தக் கல்லட்டிக்கே கேட்கிறேன். 34-க்கு 34 போதுமா?

போதாது. 12 சதவீதம் வந்தால் 150 வாட்டுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர்தான். 40 சுற்றுக்கு இறங்கிவிடுவீர்கள். முன்னால் 22 பல் உள்ள எம்டிபியில் (மலைச் சைக்கிளில்) போங்கள், 60-க்கு மேல் சுற்றலாம். கேசட்டை மாற்றினால் செயின் நீளம், சொல்லிவிட்டேன்.

தஞ்சாவூர்: கியர் இல்லாத சைக்கிள், 44-க்கு 18. எதிர்காற்றில் திணறுகிறது.

பின்னால் 20 பல் ஃப்ரீவீல் போடுங்கள். சக்கரத்தைச் சற்று முன்னே நகர்த்தவேண்டி வரும். இடமில்லையென்றால், ஆமாம், செயின் நீளம்.

திருச்சி: மோட்டார் கிட் மாட்டலாமா?

என் துறை இல்லை. மின்சார சைக்கிள்காரரைக் கேளுங்கள்.

சேலம்: 21 கியர் சைக்கிளில் ஏற்காடு ஏறலாமா?

முன்னால் ஆகச் சின்னதில் எத்தனை பல், பின்னால் ஆகப் பெரியதில் எத்தனை பல்? எண்ணிவிட்டு எழுதுங்கள்.