ரேஸ் பெற்றோல் அடிச்சா கார் பறக்குமோ?

கேள்வி: அண்ணை, என்னட்ட இருக்கிறது ஜப்பானிலயிருந்து வந்த சுஸுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், 1.4 டர்போ. ஒண்டும் மாத்தேல்லை, கொம்பனி செய்த மாதிரியே இருக்கு. கொழும்பில ரேஸ் ஓடுற பெடியன் ஒருத்தன் 110 ஒக்டேன் ரேஸ் பெற்றோல் ஒரு கான் தாறன் எண்டுறான். அடிச்சா குதிரைவலு கூடுமோ? (கொக்குவில் வாசகர்)

பதில்: கானை அவனிட்டயே விட்டிட்டு வாரும் தம்பி. ஒக்டேன் எண்டது பெற்றோலுக்குள்ள எவ்வளவு சக்தி கிடக்கு எண்டு சொல்லுற நம்பர் இல்லை. சிலிண்டருக்குள்ள அமத்துப்பட்டு சூடேறேக்க, பிளக் மூட்டின நெருப்பு வந்து சேர முந்தி மிச்சப் பெற்றோல் தானாப் பத்திக்கொள்ளாம எவ்வளவு தாக்குப்பிடிக்கும், அதுதான் கணக்கு. தானாப் பத்தினா வாற சத்தத்தைத்தான் நொக்கிங் எண்டுறது.

இது எங்கட ஊருக்குத் தெரியாத விசயமும் இல்லை. 90களில பொருளாதாரத் தடை நேரம் ஒஸ்ரின் ஏ40 காரும் மோட்டச்சைக்கிளும் மண்ணெண்ணெயில ஓடினதை வீட்டில பெரியாக்களிட்டக் கேட்டுப்பாரும், ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேட்டருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல், சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய், பின்னால வந்தவனுக்குக் கண்ணெரிவு. மண்ணெண்ணெயின்ர ஒக்டேன் படுமோசம், எண்டாலும் வண்டி ஓடினது, ஏனெண்டா அந்தப் பழைய ஒஸ்ரின்ர கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள்ள எத்தனை மடங்கு அமத்துது எண்ட கணக்கு, 7க்குக் கிட்டத்தான். உம்மட காருக்கு 9.9, அதுக்கு மேல டர்போ வேற காத்தை அமத்தி அனுப்புது. அப்ப உம்மட காருக்கு நல்ல பெற்றோல் வேணும், அது சரி, ஆனா எவ்வளவு நல்லது எண்டதில ஒரு எல்லை இருக்கு.

ஜப்பானில சாதாரணப் பெற்றோல் 89க்குக் குறையக்கூடாது, ஹை ஒக்டேன் 96க்குக் குறையக்கூடாது. உம்மட காருக்கு ஹை ஒக்டேன்தான் சொல்லியிருக்கு. இதே கார் ஐரோப்பாவில 95இல ஓடுது. அதால இஞ்ச பெற்றோல் செட்டில 95 அடியும், 92 பக்கம் போகவேண்டாம். 92 அடிச்சா, அதுவும் சித்திரை வெயிலில ஏசியும் போட்டுக்கொண்டு நாலு பேரோட ஏறி மிதிச்சா, நொக் சென்சர் சத்தத்தைப் பிடிச்சு எஞ்சினை நடத்திற கொம்பியூட்டரான ஈசியுவுக்குச் சொல்லும், அது பொறி அடிக்கிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், கார் இழுக்காது. 95க்கு மாறினா அந்த இழந்த இழுவை திரும்பி வரும். அதுக்கு மேல 100 அடிச்சா கொஞ்சம் கிடைக்கலாம். 110க்குப் போனா ஈசியுவில எழுதிவச்ச எல்லைக்கு மேல அது போகாது, 140 குதிரைவலு 140தான். பூஸ்ற்றை, அதாவது டர்போ காத்தை அமத்திற அழுத்தத்தைக் கூட்டி, ஈசியுவையும் அதுக்கேற்ற மாதிரி ரியூன் பண்ணின காருக்குத்தான் அந்தச் சாமான் செய்தது.

இன்னொண்டு, 110க்கு மேல போற ரேஸ் பெற்றோல் கனக்கவற்றில ஈயம் இருக்கு. ரோட்டில ஓடுற வாகனத்துக்கு ஈயப் பெற்றோல் வித்த கடைசி நாடு அல்ஜீரியா, அதுவும் 2021இல நிப்பாட்டிட்டுது. ஈயம் போய் ஒக்சிஜன் சென்சரில படிஞ்சு அதைக் கெடுக்கும், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிக் கொன்வேட்டரையும் முடிச்சுவிடும். அது மாத்திற விலை உமக்குத் தெரியும்தானே. ஈயமில்லாத ரேஸ் பெற்றோலும் இருக்கு, அதால கார் பழுதாகாது, காசுதான் கரியாகும்.

கேள்வி: பலாலியில பிளேனுக்கு அடிக்கிற எண்ணெய் ஒக்டேன் கூடவாமே, எடுக்கேலுமோ? (ஏழாலை வாசகர்)

பதில்: அங்க வந்துபோற ஏடிஆர் பிளேனுக்கு அடிக்கிறது ஜெட் ஏ-1, அது மண்ணெண்ணெய்ச் சாதி. சின்னப் பிஸ்டன் பிளேனுக்கு அடிக்கிற அவ்காஸ் வேற சாமான், அதில 100எல்எல் எண்டதில ஈயம். ரெண்டும் காருக்கு ஆகாது, கேக்கப் போய் செக்கியூரிற்றியிட்டப் பேச்சு வாங்காதேயும்.

கேள்வி: அமெரிக்கன் யூடியூப்பில 91ஐ பிரீமியம் எண்டுறாங்கள், அப்ப எங்கட 92 அதைவிடத் திறமோ அண்ணா? (நல்லூர் வாசகி)

பதில்: இல்லைத் தங்கச்சி. அவையள் ரெண்டு விதமா அளந்து சராசரி போடுறவை, நாங்கள் பாக்கிறது அந்த ரெண்டில கூட வாற ஆர்ஓஎன் எண்ட நம்பரை மட்டும். அவையின்ர 91 எங்கட கணக்கில 95, 96க்குக் கிட்ட வரும்.

கேள்வி: ஒக்டேன் பூஸ்ரர் போத்தில் ஒண்டு வாங்கினனான், 3 பொயின்ற் கூடும் எண்டு போட்டிருக்கு. 92இல விட்டா 95 ஆகுமோ? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: அந்தப் பொயின்ற் விளையாட்டில கனதரம் 10 பொயின்ற்தான் ஒரு ஒக்டேன், அப்ப உமக்கு வாறது 92.3. மங்கனீசு கலந்த பூஸ்ரரைத் தொடந்து விட்டா பிளக்கைக் கழட்டிப் பாரும், வெள்ளைப் பீங்கானில செங்கட்டித் தூள் பூசின மாதிரி இருக்கும். அடுத்த போத்தில் வாங்கிற காசை 92க்கும் 95க்கும் இடையில வாற வித்தியாசத்துக்குக் குடும்.