பிரசவ வார்டும் தீராத சோர்வும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பேறுகாலச் செவிலியாக இருக்கிறேன். லீவு போட்டும் சோர்வு தீரவில்லை. வலியில் கத்தும் தாய்மார்கள் மேல் எரிச்சல் வருகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது பணிச்சோர்வாக (burnout) இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாகக்கூடச் சேர்க்கவில்லை. நாள்பட்ட பணியழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு என்கிறது. உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எரிச்சல் அந்த வெறுப்பின் வெளிப்பாடு, உங்கள் குணமல்ல.

பிரிட்டனில் 2018-இல் வெளியான ஆய்வில், மருத்துவச்சிகளில் 83 சதவீதத்தினரிடம் பொதுவான சோர்வும், 67 சதவீதத்தினரிடம் வேலையால் வந்த சோர்வும் தெரிந்தன. தாய்மார்களைப் பார்த்துக்கொள்வதால் வந்த சோர்வு இவற்றைவிட வெகு குறைவு. ஆட்டிவைப்பது வேலை நடக்கும் விதம்தான்.

ஓர் உதாரணம். பிரசவ வலியின் முதல் கட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. முக்கும் கட்டத்தில் ஒருத்தி, பக்கத்துக் கட்டிலில் வலி ஏறும் இன்னொருத்தி, சற்றுமுன் பிரசவித்து ரத்தப்போக்குக்காக 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டிய மூன்றாமவள். செவிலியோ ஒருவர்தான். செய்யவேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போகிறதே, அந்தத் தவிப்புதான் ஆளைத் தின்கிறது. நோட்டில் எழுதுவதும் தள்ளிப்போய், ஷிப்ட் முடிந்தபின் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.

ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வேலையில்லாத நாட்களிலும் தூக்கம், பசி, ஆர்வம் எதுவும் இல்லாமல் 2 வாரம் தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள், இரண்டும் இதே களைப்பைத் தரும். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டூட்டி பட்டியல் போடுவது என் பொறுப்பு. ஆள் கூடக் கிடைக்காது. வேறென்ன செய்யலாம்?

பதில்: ஆள் பற்றாக்குறையைப் பட்டியலால் ஈடுகட்ட முடியாது, அதை எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருங்கள். ஆனால் மோசமான பட்டியல், இருப்பவர்களையும் விரட்டிவிடும். இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே 11 மணி நேரமாவது விடுங்கள். மாலை ஷிப்டை முடித்தவரை மறுநாள் காலையில் வரச்சொல்வதுதான் பெரும்பாலும் இதை முறிக்கிறது. வீடு போய்ச் சேர்ந்து, தூக்கம் பிடிப்பதற்குள் அலாரம் அடித்துவிடும். தொடர் நைட் டூட்டி 3-ஐத் தாண்ட வேண்டாம். சாப்பாட்டு நேரம் என்று காகிதத்தில் போட்டால் போதாது. அந்த அரை மணிக்கு யார் மாற்று என்று பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பணிக்குப் புதியவர்களைக் கண்காணியுங்கள், இளையவர்களிடமே சோர்வு அதிகம் தெரிகிறது. கர்ப்பம் முதல் பிரசவம்வரை ஒரே சிறு குழு கவனிக்கும் முறையில் சோர்வு குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முடிவெடுக்கும் உரிமை கையில் இருப்பது பெரிய காரணம். ஆனால் ஆளுக்கு இத்தனை தாய்மார்கள்தான் என்ற வரம்பும், போனை அணைத்துவைக்கும் நாட்களும் இல்லாவிட்டால் அதுவும் பாரமாகிவிடும்.

கேள்வி: வார்டில் குழந்தை இறந்துவிட்டது. பிரசவம் பார்த்த சகாவை உடனே உட்காரவைத்துப் பேசச் சொல்லலாமா?

பதில்: வற்புறுத்தாதீர்கள். அன்றைக்கு மிச்ச டூட்டியை வேறொருவர் ஏற்கட்டும்; அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருத்துவ விசாரணை வேறு, ஆறுதல் வேறு. இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைக்காதீர்கள். அந்தக் காட்சி ஒரு மாதம் கடந்தும் கனவில் வந்தாலோ, பிரசவ அறைக்குள் போகத் தயங்கினாலோ மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.